பத்து எம்.எம். ராடு

பேரிங் கடைக்காரர் சீட்டைக் கை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“ஆறாயிரம் நம்பரு, ரெண்டு பக்கமும் மூடி போட்டது, ரெண்டு. எந்த மெஷினுக்கும்மா?”

“மெஷினுக்கு இல்லைங்க. வயலினுக்கு,” என்றாள் ரூபி.

கடையில் நின்றிருந்த இன்னொரு ஆள் திரும்பிப் பார்த்தான். கடைக்காரர் அவனிடம் கன்னடத்தில் எதையோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

“வயலினுக்கு எதுக்கும்மா பேரிங்கு? ரோட்ல ஓட்டப் போறீங்களா?”

“அது சுத்தற வயலினுங்க. வில்லு இருக்காது. உள்ள ஒரு சக்கரம் இருக்கும். கைப்பிடியப் புடிச்சு சுத்தினா சக்கரம் கம்பிய ஒரசும். அந்தச் சக்கரம் ஆடாம நிக்கணும். அதுக்கு.”

இந்த விளக்கத்தை அன்றைக்கு அவள் மூன்றாவது கடையில் சொல்கிறாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்திருந்தன. முதல் கடையில் ‘ஹர்டி கர்டி’ என்று அதன் பெயரையே சொல்லிப் பார்த்தாள். அந்தக் கடைக்காரர், “அந்தக் கம்பெனி ஐட்டம் நம்மகிட்ட வர்றதில்ல,” என்று அனுப்பிவிட்டார்.

இவர் கொடுத்தார். டப்பாவைத் திறந்து ஒரு பேரிங்கை எடுத்து, நடுவே விரலை விட்டுச் சுண்டிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரூபி அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வலித்ததால் நின்ற இடத்திலேயே ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டாள்.

காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறியவள். போன் போர்டுகளில் திருகு முடுக்கும் லைன் அவளுக்கு. எட்டு மணி நேரமும் நின்றபடி செய்யும் வேலை. இரண்டரைக்கு வெளியே வந்தால் பஸ் நேராக வீட்டருகே இறக்கிவிடும். இந்த ஒரு மாதமாக அவள் வீட்டருகே இறங்குவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி, ஆடி மாதச் சாரலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடை கடையாக ஏறுகிறாள். ஓசூர் குளிர் அவளுக்கு இன்னும் பழகவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரி அவளுக்கு. அங்கே ஆடியில் காற்று அடிக்கும், ஆனால் இப்படி எலும்பை நனைக்காது.

சீட்டை எழுதியது அவள் கணவன் ஜான்பீட்டர். இடது கையால் எழுதிய எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, காற்றில் படுத்த கேழ்வரகுப் பயிர் மாதிரி இருக்கும். எண்கள் மட்டும் நேராக இருக்கும். எண்களை அவன் ஒவ்வொன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவான்.

அவன் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவன். தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்து, இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. போன வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள் அந்த இரண்டு பட்டன்களில் ஒன்றை யாரோ கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் அமுக்கினாலே பிரஸ் இறங்கியது. அவனுடைய வலது கை உள்ளே இருந்தது. இப்போது அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

விசாரணையில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கட்டியது யார் என்று ரூபி ஆஸ்பத்திரியில் கேட்டாள். தெரியாது என்றான். பிறகு எத்தனை முறை கேட்டாலும் தெரியாது என்றுதான் சொன்னான்.

கம்பெனி அவனுக்கு கேட்டில் நாற்காலி போட்டு, வரும் வண்டிகளின் நம்பர் எழுதும் வேலை கொடுத்தது. பதினோரு நாள் போனான். லாரி டிரைவர்கள் பில்லை நீட்டும்போது அவன் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பதாகச் சொன்னான். பன்னிரண்டாம் நாள் போகவில்லை. அதற்குப் பிறகு வாசலையும் தாண்டவில்லை. கோயிலில் பாடல் குழுவில் பதினேழு வருஷம் வயலின் வாசித்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ரூபி இழுத்துப் போனால் வருவான். கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்பான்.

வைகாசியில் ஒரு நாள் சொன்னான். “நான் எலத்தகிரிக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடறன் ரூபி. நீ நின்னு நின்னு சம்பாரிக்க, நான் ஒக்காந்து திங்கறது எனக்கு ஆவல.”

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதம் வீங்கி, ஷூ வர மாட்டேன் என்றது. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள்.

அடுத்த வாரம்தான் அவன் போனில் அந்த வீடியோவைப் பார்த்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மடியில் படகு போன்ற ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியைச் சுற்றினார். இடது கை மட்டும் வரிசையாக இருந்த மரக்கட்டைகளை அமுக்கியது. வயலின் சத்தம்தான், கூடவே ஒரு ரீங்காரம். மூன்று நாள் அதையே பார்த்தான். நான்காம் நாள், “வலது கைக்கு சுத்தறது மட்டுந்தான் வேல,” என்றான். “இத ஒண்ண செஞ்சு பாத்துட்டுப் போறன்.”

அந்தக் கடைசி வார்த்தை ரூபிக்குள் தங்கிவிட்டது. செய்து முடித்தால் போய்விடுவானா, முடியாவிட்டால் போய்விடுவானா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மரத்துக்கு அதிகம் அலையவில்லை. மெஷின்கள் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளைப் பழைய மரக் கடையில் உடைத்து அடுக்கி வைத்திருந்தார்கள். அவன் அந்தப் பலகைகளைக் காலால் மிதித்துப் பிடித்து இடது கையால் அறுத்தான். நாள் முழுக்க அறுத்தான். கீழ் வீட்டில் இருக்கும் சொந்தக்காரம்மா நாராயணம்மா ஒரு நாள் படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் உருண்டு, மேலே திறந்திருந்த அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“தொட்டிலா ரூபி? எத்தினி மாசம்? எங்கிட்ட ஒரு மாட்ட, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!”

“தொட்டில் இல்லைங்கம்மா. வயலினு.”

நாராயணம்மா இன்னொரு முறை பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனாள். அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் அவரைக்கொட்டைக் குழம்பு மேலே வந்தது.

கைப்பிடிக் குமிழ்தான் பாடாய்ப் படுத்தியது. மேசை டிராயருக்குப் போடும் குமிழ் சின்னது. கட்டைவிரலும் உள்ளங்கையும் மட்டும் பிடித்துச் சுற்ற வேண்டும், நழுவவும் கூடாது. ரூபி ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டு, உத்தனப்பள்ளி ரோட்டில் ஒரு காயலான் கடைக்குள் போனாள். பழைய டெம்போக்களின் கியர் ராடுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நுனியில் கறுப்புக் குமிழ்கள். அவள் குனிந்து உட்கார்ந்து, வலது கையின் நான்கு விரல்களையும் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் ஒவ்வொரு குமிழாகப் பிடித்துப் பார்த்தாள்.

கடைக்காரர் வெள்ளைச்சாமி மதுரைப் பக்கத்து ஆள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னத்தா, கையில சுளுக்கா?”

“எனக்கு இல்லைங்க. வூட்டுக்காருக்கு. நாலு வெரலும் பிரஸ்ல போயிடுச்சு. அவரு புடிக்கறாப்பல புடிச்சுப் பாக்கறன்.”

அவர் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். தானும் நான்கு விரல்களை மடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் குமிழ்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். பழைய டிராக்டர் ஒன்றின் குமிழ், மாங்கொட்டை மாதிரி சப்பையாக, ஒரு பக்கம் குழிந்து இருந்தது.

“இதப் பிடி ஆத்தா. உள்ளங்கையில போய் உக்காருதா?”

உட்கார்ந்தது.

மிச்சம் இருந்தது ராடு. சக்கரத்தின் நடுவே போகும் பத்து எம்.எம். கனமுள்ள அச்சு. நீளம், படி, மரை எல்லாவற்றையும் அவன் படமாக வரைந்து கொடுத்திருந்தான். முடி அளவுகூட வளைவு கூடாது, வளைந்தால் சக்கரம் எம்பி எம்பிக் கம்பியைத் தொடும், பாட்டுக்கு விக்கல் வரும் என்று சொன்னான். ரூபி லேத் பட்டறைகள் இருக்கும் ஷெட்டுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

“ஒத்த பீஸா? ஆயிரம் பீஸ் இருந்தா சொல்லும்மா.”

“வயலினா? போம்மா, வேல இருக்குது.”

ஏழாவது ஷெட் சந்தின் கடைசியில் இருந்தது. ஒரே ஒரு லேத். முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் எண்ணெய்க் கறை பனியனோடு தனியாக வேலை செய்துகொண்டிருந்தான். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான்.

“இது யார் போட்ட டிராயிங்கு?”

“எங்க வூட்டுக்காரு. பிரஸ்ல இருந்தவரு. ஜான்பீட்டர்னு.”

அவன் காகிதத்தை மடித்தான். மறுபடியும் பிரித்தான். “சனிக்கிழம வாங்க,” என்றான். அவள் கூலி கேட்டதற்கு ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டு லேத் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் வர நாலரை ஆகிவிட்டது. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கியிருக்கிறது என்று ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸிலேயே ஒரு மணி நேரம். ஷெட்டில் அவன் காத்திருந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“ஒக்காருங்கக்கா.”

“ராடு ஆச்சாங்க?”

“ஆச்சு.” அவன் எடுக்கவில்லை. “பீட்டரண்ணன் எப்பிடி இருக்காரு?”

“உங்களுக்கு அவரத் தெரியுமா?”

“எம் பேரு முனிராஜு. தொரப்பள்ளி. அந்தக் கம்பெனிலதான் பிரஸ்ஸுக்கு அச்சு மாட்டற செட்டரா இருந்தன்.” அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடியே இருந்தான். “பட்டனக் கம்பி போட்டுக் கட்டினது நான்தான்.”

வெளியே சந்தில் ஒரு டெம்போ பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ரூபி அவன் கைகளைப் பார்த்தாள். பத்து விரல்களும் இருந்தன. நகக்கண்களில் கறுப்பு. இந்த ஆளை அவள் எத்தனையோ முறை மனதில் நினைத்துப் பார்த்திருக்கிறாள். மீசையும் தொப்பையும் வைத்த ஓர் ஆளாகத்தான் நினைத்தாள். இவனுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது.

“ஆஸ்பத்திரிக்கு வரணும்னு வாசல் வரைக்கும் வந்தன். உள்ள வர்றதுக்குக் கால் வரல. விசாரணையில கேட்டாங்க, தெரியாதுன்னுட்டன். அப்பறம் அங்க என்னால வேல செய்ய முடியல. வந்துட்டன்.”

“ராடக் குடுங்க,” என்றாள் ரூபி.

“அக்கா…”

“எனக்கு இப்ப சண்ட போடக்கூட முடியல. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சன். ராடக் குடுங்க, நான் போறன்.”

அவன் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியதைக் கொண்டுவந்தான். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க அவருகிட்ட. சக்கரத்தத் தனியாக் கடைஞ்சு மாட்டினா ஆடும். இந்த ராடுலயே மாட்டி, இங்க எடுத்துனு வந்து, ராடப் புடிச்சுக் கடைஞ்சாத்தான் ரவுண்டு வரும். நாளைக்கு ஷெட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. அவரு வராட்டி நீங்க எடுத்துனு வாங்க.”

கூலியை லேத்தின் மேலேயே வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வீட்டில் ஜான்பீட்டர் ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் ராடை உருட்டினான். குனிந்து கன்னத்தைத் தரையோடு வைத்து, ராடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. இன்னொரு முறை உருட்டினான். பேரிங்கைச் செருகினான். அது தயங்கித் தயங்கி உள்ளே போய் நின்றது.

“எவன் ரூபி கடைஞ்சது? இப்பிடி ஒரு கை ஓசூர்ல யாருக்கு இருக்குது?”

ரூபி அடுப்பில் உலை வைத்திருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழி முழுக்க நினைத்து வந்தாள். ஆனால் இத்தனை மாதங்களில் அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை. பொய்யால் அதைக் காப்பாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

“முனிராஜாம். உங்க செட்டரு. அவன்தான் பட்டனக் கட்டினானாம். அவன் வாயாலயே சொன்னான்.”

ராடு உருள்வது நின்றது.

உலை கொதித்தது. அவள் கேழ்வரகு மாவை நடுவில் கொட்டி, வெந்ததும் இறக்கி, துணி வைத்து இரண்டு பாதங்களாலும் சட்டியை அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்ட ஆரம்பித்தாள். களி கிண்டும்போது நடுவில் நிறுத்த முடியாது, கட்டி விழுந்துவிடும். அவன் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தான். இடது கையால் துணியைப் போட்டுச் சட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“கட்டினது அவன்தான். கட்டச் சொன்னது நானு.”

துடுப்பு ஒரு சுற்று தவறி, மறுபடியும் சுற்றியது.

“ஆயிரத்து எரநூறு பீஸ் முடிச்சாத்தான் வெளிய வுடுவாங்க. அன்னிக்கு ஆறு மணிக்கு ஈஸ்டருக்குப் பாட்டு ப்ராக்டிஸ். நான் போவலன்னா ஆரம்பிக்க மாட்டாங்க. முனிராஜுகிட்ட, டேய் ஒரு பட்டனக் கட்டி வுடு, ஒரு கையில தகடு போட்டுனே ஒரு கையில அமுக்கறன், வெரசா முடிஞ்சிடும்னன். அவன் வேணாம்ணா, வேணாம்ணான்னு ரெண்டு தடவ சொன்னான். நான்தான் திட்டிக் கட்ட வச்சன்.”

களி இறுகி வந்தது. ரூபியின் தோள்கள் இரண்டும் கிண்டலோடு சேர்ந்து ஆடின. வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது.

“அவன் பேர நான் சொன்னா, அவன் நான் சொன்னதச் சொல்லுவான். அப்பறம் நீ என்னப் பாப்ப. பாட்டுக்குப் போறதுக்குக் கைய வித்தவன்னு பாப்ப. அதான் வாயத் தொறக்கல.”

“ஒவ்வொரு பூசையிலயும் முட்டி போட்டு வாய்விட்டுக் கேட்டன்,” என்றாள் ரூபி. “கட்டினவன் நாசமாப் போவணும், அவன் கை வெளங்காமப் போவணும்னு. பக்கத்துலதான நின்ன?”

“நின்னன்.”

“பதினாறு மாசம் பக்கத்துல நின்னு கேட்டுனு இருந்த.”

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அவனை ‘நீ’ என்று சொன்னதில்லை. சொன்னதை இருவரும் கவனித்தார்கள். அவன் சட்டியை விடவில்லை. அவள் களியை உருட்டி இரண்டு தட்டுகளில் வைத்து, குழி செய்து, கொள்ளுச் சாற்றை ஊற்றினாள். அவன் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, அவன் சாப்பிடும் சத்தம் கேட்டது.

காலையில் அவள் எழுந்தபோது அவன் சட்டை போட்டிருந்தான். சக்கரத்தை ராடில் மாட்டி, துண்டில் சுற்றி வைத்திருந்தான். எப்போதும் கையைச் சுற்றும் துண்டு அது. வேறு துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, ஆனால் அவன் அதை எடுக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் சக்கரத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே இருந்த ஒரு பெண் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்ததை ரூபி கவனித்தாள். முந்தைய நாளிலிருந்து அவள் அவனிடம் பேசவேயில்லை.

முனிராஜ் ஷெட் கதவை ஏற்றிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

“வாங்கண்ணா.”

“ஆட்டம் பாக்கற டயல் இருக்குதா?”

“இருக்குதுண்ணா.”

“வச்சுப் பாரு மொதல்ல.”

முனிராஜ் ராடைப் பிடித்து மாட்டினான். சரியாக உட்காராமல் கழற்றி மறுபடியும் மாட்டினான். ஜான்பீட்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “கட்டச் சொன்னது நான்தான்னு அவகிட்ட சொல்லிட்டன்.”

முனிராஜ் நிமிரவில்லை. “சொல்லாம இருந்திருக்கலாம்ணா. எம்மேலயே இருந்திருக்கட்டும்.”

“நீ மாட்டு.”

ரூபி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லேத் ஓடத் தொடங்கியது. சக்கரத்தின் ஓரத்திலிருந்து மரத்தூள் மெல்லிய நூலாக எழுந்து விழுந்தது. பைன் மர வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. ஜான்பீட்டர் குனிந்து, டயலின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முறை லேத் நிற்கும்போதும் வலது கையின் கட்டைவிரலைச் சக்கரத்தின் விளிம்பில் வைத்துத் தடவினான்.

“இங்க மேடு இருக்குது.”

“இல்லைண்ணா, டயல்ல காட்டல.”

“டயலு என்னாத்தக் காட்டும்? வெரலுக்குத் தெரியுது. இன்னும் ஒரு பாயிண்ட் எடு.”

“ஓவராப் போயிடும்ணா.”

“எடுன்றன். எனக்கு சொல்லித் தராத.”

அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. கோயிலில் சுருதி சேராதவர்களைத் திட்டுவானே, அந்தக் குரல். ரூபிக்கு அவன்மேல் இருந்த கோபம் கோபமாகவே இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் அவள் நினைத்தாள். ஆனால் கண் இமைகள் கேட்கவில்லை. பதினாறு மாதங்களாகத் தூக்கத்திலும் ஒரு காது அவன் பக்கம் விழித்திருந்தது. அவன் எழுகிறானா, கதவைத் திறக்கிறானா, பையை எடுக்கிறானா என்று. இப்போது அந்தக் காதுக்கு வேலையில்லை. அவன் அங்கேதான் கத்திக்கொண்டு நின்றான். தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

முனிராஜ்தான் முதலில் பார்த்தான். ஸ்விட்சில் கை வைத்து, “அண்ணா, அக்கா தூங்குது,” என்றான் தாழ்ந்த குரலில். “நிறுத்திடட்டுமா?”

ஜான்பீட்டர் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றான்.

“வேணாம், ஓடட்டும்,” என்றான். “மெஷின் நின்னாத்தான் அவ முழிச்சுக்குவா.”